கல்நந்தி நனைந்த நாள்

ராஜா காலத்துக் கதை, காதைக் கொடுங்கள் மக்களே. ஓர் ஊரில் ஓர் ஆறு. அந்த ஆற்றில் ஓடம் விட்டுப் பிழைத்தவன் கூத்தப்பன்.

கை தளர்ந்ததும் ஓடத்தையும் துறையையும் மனைவியின் தம்பி வீரகுமாரனுக்கு விற்றான். ஊர்ச்சபை நடுவே மூன்று வாக்கு வாங்கினான். பத்துப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. பலகை பிளக்காமலிருக்க ஆண்டுதோறும் குங்கிலியம் பூச வேண்டும். கரையிலுள்ள கல்நந்தியின் வாயைத் தண்ணீர் தொட்டால் ஓடம் இறங்கக் கூடாது. ஒன்று தப்பினாலும் துறை விற்றவனுக்கே திரும்பும். வீரகுமாரன் கையடித்துச் சம்மதித்தான்.

ஒரு மாதம் போகவில்லை, பதினைந்து பேரை ஏற்றினான். கூத்தப்பன் கேட்கப் போனான்.

"வாங்க அத்தான், முதல்ல வெற்றிலை போடுங்க!" தட்டு முன்னே வந்தது. கூத்தப்பனின் வாய் சிவந்தது, வாய் திறக்கவில்லை.

ஆண்டு திரும்பியது. பூச்சு இல்லை. மறுபடியும் போனான், மறுபடியும் வெற்றிலைதான்.

"சபையில் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"உன் தம்பியாச்சே, முகத்தை முறிச்சுக்கவா?"

"என் தம்பிங்கிறதாலதான் சொல்றேன். அவனை எனக்குத் தெரியும்."

கேட்டானா? அடப் பைத்தியக்காரா! தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் பார்த்தான்.

ஆடி வந்தது. புதிதாகக் கல்யாணமான மகள் பொன்னாச்சி, ஆடிக்கு அக்கரையிலிருந்து தாய்வீடு வரும் நாள். மலையிலோ பேய்மழை. கூத்தப்பன் துறைக்கு ஓடினான். நந்தியின் வாய் தண்ணீருக்குள் போயிருந்தது. வீரகுமாரனின் ஆட்கள் ஓட்டிய ஓடம், கூட்டம் நெரிய, பொன்னாச்சியையும் ஏற்றிக்கொண்டு நடு ஆற்றில் வந்தது.

"வாக்கு தப்பிப் போச்சு! துறை என்னுது! ஓடத்தைத் திருப்புங்கடா!" என்று கத்தினான்.

வெள்ளத்தின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பூசாத பலகை பிளந்தது. பெற்றவன் கண்ணெதிரே பொன்னாச்சி வெள்ளத்தோடு போய்விட்டாள்.

சபை கூடியது. வீரகுமாரனை ஊரைவிட்டே துரத்தினார்கள். பிறகு தலைவர் கூத்தப்பனைப் பார்த்தார்.

"முதல் வாக்கு தப்பினபோதே ஏனப்பா இங்கே வரல்லே?"

"வெற்றிலை கொடுத்தானுங்க" என்றான் கூத்தப்பன்.

பேசியபடி துறை அவனுக்கே திரும்பியது. ஓடமில்லாத அந்தத் துறையில் அவன் சாகும்வரை உட்கார்ந்திருந்தான். வெற்றிலையை மட்டும் பிறகு தொடவே இல்லை.

முகதாட்சண்யம் பார்த்து முதல் மீறலைப் பொறுத்துக்கொண்டவன், கடைசி மீறலின் பழியில் பாதியைத் தானே சுமக்க வேண்டும்.