முள்ளில்லாத பொய்மீன்

"பார் பாக்க வந்து இத்தன நாளாச்சு. இன்னும் ஒரு தூண்டில் முள்ளக் கண்ணுல காட்ட மாட்டேங்கியே, பிரகாசி," என்றார் கஸ்பார்.

பிரகாசி வள்ளத்தின் முனையில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்திருந்தாள்.

கஸ்பார் தையல்காரர். சிப்பிமுனை மாதா கோயிலுக்குப் பின்னால் கடை. ஐம்பது தாண்டிய பிறகு மனுசனுக்குத் தூண்டில் ஆசை வந்துவிட்டது. ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

பிரகாசி அவரைவிடச் சின்னவள். கடல்பாசி எடுக்கிறவள். கரையோரக் கடலுக்கடியில் கிடக்கும் பவளப்பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். அந்தப் பார்களில் முங்கி எழுந்தே வளர்ந்தவள்.

திருவிழா மீன்போட்டியில் அதுவரை பொம்பளை பேர் ஏறியதே கிடையாது. கமிட்டி கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, மென்று முழுங்கி, இந்த வருசம்தான் அவளைச் சேர்த்தது. வள்ளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அவளோடு ஏற ஆம்பளை எவனும் வரவில்லை.

கஸ்பார்தான் போனார். "எனக்குக் கத்துக் குடு தாயி. நான் கூட வாறேன்."

அப்படி ஆரம்பித்த கதை இது.

எங்கே மீன் கிடக்கிறது என்று போட்டிக்கு முந்தைய வாரம் பார் பார்க்கலாம். முள் போடக் கூடாது. கடலில் கை நனைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வள்ளத்தை இறக்க வேண்டும். இருக்கிற பாரே கொஞ்சம். ஒரு தரம் குத்துப்பட்ட விளமீன் லேசில் வாய் திறக்காது.

அதனால் தூண்டில் நரம்பின் நுனியில் வெறும் பொய்மீனைக் கட்டி இழுப்பார்கள். பிரகாசியின் பொய்மீன்கள் அவளே கட்டையில் செதுக்கியவை. செவுளில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். எங்கே கிடந்தாலும் ஊரே சொல்லிவிடும், இது பிரகாசி கைவேலை என்று.

"நரம்பப் பிடிங்க அண்ணாச்சி," என்றாள்.

பிடித்தார். கீழே ஏதோ தட்டியது. இன்னொரு தரம் தட்டியது. கவ்வி இழுத்தது. பிறகு விட்டுவிட்டது.

"போயிட்டே."

"வந்துச்சுல்லா?"

"வந்துச்சு. முள் இருந்தா தப்பியிருக்குமா? எம்புட்டுப் பெருசுன்னாவது தெரிஞ்சிருக்கும்."

"கதவத் தட்டுறவன, முடியப் பிடிச்சு உள்ள இழுத்துப் போட்டுத்தான் யாருன்னு கேப்பியளா?"

கஸ்பாருக்கு எரிச்சலாக வந்தது. "அப்ப எதத்தான் பாக்கச் சொல்லுத?"

"தானா திரும்பி வருதான்னு பாருங்க," என்றாள்.

பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை.

போட்டிக்கு இரண்டு நாளைக்கு முன்னால் மச்சான் ரெமிஜியுஸ் கால்சட்டையைச் சுருக்கித் தரச் சொல்லிக் கடைக்கு வந்தான். வருசா வருசம் கோப்பையைத் தூக்குகிறவன். வாய் சும்மா இருக்குமா?

"என்ன மாப்ள, தெனமும் கடலுக்குப் போறிய. கையில ஒரு செதில் வாசம் காணுமே. பிரகாசி உங்கள மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறாளா, காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறாளா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்பாரும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார். உள்ளுக்குள் வேகிற மாதிரி இருந்தது.

மறுநாள் விடியும்போது கடல் வற்றிக் கிடந்தது. கஸ்பார் இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக நடந்து கிட்டத்துப் பாருக்குப் போனார். பழகுவதற்கென்று பிரகாசி கொடுத்த பொய்மீனில் ஒரு முள்ளை மாட்டி முடிச்சுப் போட்டார். ஒரே ஒரு மீன், யாருக்கும் தெரியாமல், கண்ணால் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். அவ்வளவுதான் ஆசை.

வந்தது. நல்ல கனம். சரசரவென்று நரம்பை இழுத்துக்கொண்டு பாறைக்குள் புகுந்தது. நரம்பு பாறையில் உரசி அறுந்தது. பொய்மீனும் முள்ளும் மீன் வாயோடு போய்விட்டன.

கஸ்பார் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்து, கேட்ட பெண்சாதியிடம் கடலில் குளித்தேன் என்றார்.

பிரகாசியிடம் அதுகூடச் சொல்லவில்லை.

போட்டியன்று பிரகாசி நிறையப் பிடித்தாள். ஆனால் எல்லாரையும்விடப் பெரிய விளமீனைக் கொண்டுவந்தவன் ரெமிஜியுஸ். பாரில் அல்ல, வெகுதூரம் தள்ளி, மணல்தரையில் கிடைத்ததாம். தராசில் தூக்கிப் போட்டதும் கூட்டம் நெருங்கி வந்தது.

மீன் உதட்டில் ஏற்கெனவே ஒரு பொய்மீன் தொங்கிக்கொண்டிருந்தது. உதடு கிழிந்து புண்ணாகியிருந்தது. பொய்மீனின் செவுளில் சிவப்புப் பொட்டு.

கமிட்டித் தலைவர் அதைக் கழற்றித் தூக்கிக் காட்டினார். "இது இன்னைக்குப் பட்ட புண் இல்ல. முந்தியே எவரோ முள் போட்டிருக்காவ. பிரகாசி, இது யாருது?"

பிரகாசி கிட்டே வந்தாள். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கட்டியிருந்த முடிச்சின் மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"நான் செஞ்சதுதான்," என்றாள்.

"சத்தியம் பண்ணிட்டு இப்படிச் செய்யலாமா?"

"பொய்மீன் என்னுது. அதுக்கு மேல எங்கிட்டப் பேச்சு இல்ல."

கஸ்பார் இரண்டடி தள்ளித்தான் நின்றார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வள்ளத்தையே நீக்குறோம்," என்றார் தலைவர். "இதுக்குத்தான் பொம்பளையச் சேக்க வேண்டாம்னு தலப்பாடா அடிச்சோம். இனி எந்தப் பொம்பளைக்கும் இங்க இடம் கிடையாது."

ரெமிஜியுஸ் கஸ்பாரின் தோளில் கை போட்டான். "பாவம் எங்க மாப்ள. சூதுவாது தெரியாத மனுசன். இவரையும்லா சேத்துக் கெடுத்துட்டா."

அந்தக் கையைத் தட்டிவிடக்கூடக் கஸ்பாருக்குத் தெம்பில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. பூமி அப்படியெல்லாம் லேசில் பிளக்கிறதா என்ன?

சாயங்காலம் பரிசு கொடுக்க மேடை போட்டார்கள். ஊர் மொத்தமும் அங்கே. பிரகாசி மட்டும் கரையில் தனியாக வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் போய் மணலில் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை.

"நான்தான் தாயி."

"தெரியும்."

"எப்படி?"

அவள் இடுப்பிலிருந்து அந்தப் பொய்மீனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இது பொத்தானுக்குப் போடுத முடிச்சு அண்ணாச்சி. கடல்ல எவனும் இப்படிக் கட்ட மாட்டான்."

கஸ்பார் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஊரார் சட்டைகளில் போட்ட முடிச்சு.

"தெரிஞ்சும் ஏன் என் பேரச் சொல்லல? ஒன் பேருல்லா நாறிப்போச்சு. ஒனக்குப் பின்னால வாற பிள்ளைகளுக்கும் கதவச் சாத்திட்டானுவளே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னைய அங்கேயே இழுத்து நிறுத்தியிருப்பாவளே."

பிரகாசி ஒரு வாளித் தண்ணீரை வள்ளத்துக்குள் ஊற்றினாள். கையால் தேய்த்தாள்.

"முள் போட்டு இழுத்தா எந்த மீனும் கரைக்கு வரும், அண்ணாச்சி."

மேடையில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

கஸ்பார் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்தார். பொய்மீனைக் கையில் எடுத்துக்கொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மேடைப் படியில் ஏறினார்.

தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "என்ன கஸ்பார்? உங்க பேர யாரும் கூப்பிடலியே."

"ஆமா," என்றார் கஸ்பார். "நானாத்தான் வந்தேன்."