ஊதாக் காளான் உதிர்த்த தூள்

சாரல்நாட்டை ஒரு காலத்தில் குலமாறன் என்ற அரசன் ஆண்டான். அந்நாட்டுக் காட்டோரத்தில் காளான் பறித்துப் பிழைத்த வேங்கன், தன் மனைவி மிளகியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஐப்பசிக் காலையில். ஊதாக் காளான்களின் காம்பைக் கிள்ளி, வெள்ளைத் துணிமேல் கவிழ்த்து வைத்தாள். “நான் வரும்வரை தூக்கிப் பார்க்காதேய்யா, அவசரக்காரா!” என்று சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டப் போனாள். வெள்ளம் வந்தது. குடிசைக்குப் பக்கத்திலேயே அவளைப் புதைத்தான்.

மூன்றாம் வருடம் அரசனுக்கு ஊதாக் காளான்மேல் ஆசை வந்தது. வேங்கன் ஒரு கூடை கொண்டுபோனான். அரண்மனை வைத்தியர் திருமேனிநாதர் போட்டிக்கு இன்னொரு கூடையோடு நின்றார். இரண்டும் ஒரே நிறம், ஒரே வடிவம்.

“காட்டான் கொண்டுவந்தது நஞ்சு. எனக்கு ஒரு பார்வை போதும், அரசே!”

“நஞ்சு அவர் கூடையில்தான், மகாராசா” என்றான் வேங்கன்.

“பொழுது சாய்வதற்குள் நிரூபி” என்றான் அரசன். “தோற்றால் குடிசையை இடித்துவிட்டு நாட்டைவிட்டுப் போ.”

“அங்கேதான் என் பெண்சாதி கிடக்கிறாள், மகாராசா.”

“அப்படியானால் தோற்காதே.”

வேங்கன் இரண்டு கூடைகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தான். “ஒரு பார்வை போதுமென்றாரே, வைத்தியரய்யா தம்முடையதைப் பொறுக்கட்டும். எனக்கு மகாராசாவின் மேல்துண்டு வேண்டும்.”

“குளிருகிறதோ?” என்று வைத்தியர் இளித்தார்.

“இந்தச் சபையில் மகாராசாவுக்குப் பயப்படாமல் சாட்சி சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.”

அரசன் சிரித்துக்கொண்டே வெள்ளைத் துண்டைக் கழற்றிக் கொடுத்தான். வைத்தியர் வியர்க்க வியர்க்கப் பொறுக்கினார். வேங்கன் காம்புகளைக் கிள்ளி, அவர் பொறுக்கியதை ஒரு பாதியிலும் மிச்சத்தை மறுபாதியிலும் கவிழ்த்தான். சபை சாப்பிடப் போனது. அவன் மட்டும் துண்டருகே உட்கார்ந்திருந்தான். தூக்கிப் பார்க்க இரண்டு முறை கை போனது. அதட்ட ஆளில்லை. தானே கையை மடக்கிக்கொண்டான்.

மாலையில் காளான்களை எடுத்தான். வைத்தியர் பொறுக்கிய பாதியில் சிலவற்றின் அடியில் வெளிறிய தாமரை நிறத் தூள். சிலவற்றின் அடியில் துருநிறத் தூள்.

“துரு உதிர்ப்பது நஞ்சு” என்ற வேங்கன், தாமரை நிறம் உதிர்த்தவற்றை வதக்கி, எல்லோருக்கும் முன்னால் தானே தின்றான்.

“வைத்தியரே, துரு உதிர்த்ததும் நீர் பொறுக்கியதுதானே? ஒன்று தின்னும்” என்றான் அரசன்.

வைத்தியர் காலில் விழுந்தார்.

“எழும். மழைக்காலம் முடியும்வரை இந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நீர் சபைக்கு வரவேண்டும்.” அரசன் வேங்கன் பக்கம் திரும்பினான். “இதை உனக்கு யார் கற்றுத்தந்தது?”

“என் பெண்சாதி, மகாராசா.”

அரசன் அவனை அருகில் அழைத்தான். “அரண்மனையிலேயே இரு. மாளிகை தருகிறேன்.”

“குடிசை போதும். மழையில் அங்கே மண் அமுங்கும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.”

குடிசையும் சுற்றியுள்ள காடும் அவனுக்கே என்று அரசன் செப்பேடு எழுதிக் கொடுத்தான். அந்த மழைக்கு மிளகியைப் புதைத்த மேடு ஒரு சாண் இறங்கியிருந்தது. வேங்கன் இரண்டு கூடை மண் போட்டான்.