குழாயின் வெளிப்பக்கம்

தென்காசிப் பக்கம் ஒரு சிறு மடம். உலகம்மை அதன் தலைவி, வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. துருப்பிடித்தலை முப்பது வருடம் பள்ளியில் பாடமாக நடத்தி ஓய்வு பெற்றவர். மடத்துத் தண்ணீர் அவர் பொறுப்பு. சுத்தம் என்றால் அவருக்கு உயிர். குளித்து முடித்ததும் துண்டையும் குளிப்பாட்டுவார்.

கிணற்றுத் தொட்டியிலிருந்து அடுக்களைக்கு மண்ணுக்கடியில் ஓர் இரும்புக் குழாய் போனது. அந்த வருடம் மூன்றாம் முறையாக அது ஓட்டை விழுந்தது. மறுநாள் குருபூஜை. முந்நூறு பேருக்குச் சாப்பாடு.

சமையல்காரி பிச்சம்மாள் குடம் குடமாகச் சுமந்தாள்.

"இன்னும் நாலு நடை போனா, என் இடுப்பு மட்டும் தனியா ஊருக்கு பஸ் ஏறிடும்" என்றாள்.

ஆவுடையப்பன் உலகம்மையிடம் போனார்.

"அம்மா, கிணத்துத் தண்ணி கடினமா இருக்குன்னு நாலு வருஷம் முந்தி அதை மென்மையாக்குற மெஷின் வச்சேன். வாரம் தவறாம உப்புப் போட்டு அதைக் கழுவுறேன். தண்ணி இப்போ பன்னீர் மாதிரி இருக்கு. அப்படியும் குழாய் ஏன் அரிக்குது?"

உலகம்மை மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மூச்சு வாங்க வாங்கத் தோண்டினார். ஓட்டை விழுந்த துண்டை அறுத்து எடுத்தார்கள்.

"உள்ளே பாருங்க" என்றார் உலகம்மை.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. "புதுசு கெட்டுது! நான் சொல்லல?"

"வெளியே பாருங்க."

வெளிப்பக்கம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. தொட்டதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

"அப்போ தின்னது தண்ணி இல்லையா? மண்ணா?"

"அந்த மண்ணைக் கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்க."

"மண்ணையா!"

ஆவுடையப்பன் ஒரு துளி வைத்தார். உடனே துப்பினார்.

"ஒரே உப்பு! இங்க உப்பு எப்படி வந்தது?"

பிச்சம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "உங்க மெஷின் கழுவின உப்புத் தண்ணி வேற எங்கய்யா போகுது? நாலு வருஷமா இந்தச் சுவரோரமாத்தான். என் கறிவேப்பிலைக் கன்னு கருகினப்பவே சொன்னேன். 'அகம் சுத்தமானா புறம் தானா சரியாகும்'னீங்க. ஈர உப்புக்குள்ள இரும்புக் கரண்டியப் போட்டு வச்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியும்!"

அவர் காது சிவந்தது. குழிக்குள் நின்றபடியே கையிலிருந்த துருவைத் துண்டால் துடைத்தார். பிறகு முகம் தெளிந்தது.

"கவலைப்படாதீங்க அம்மா. மண்ணைச் சுத்தம் பண்ணவும் ஒரு மெஷின் இருக்கும். வாங்கிடுவோம்."

"வாங்கலாம்" என்றார் உலகம்மை. "அது கழிக்கிற தண்ணிய யார் வாசல்ல விடுவீங்க?"