அடித்தண்ணீர்

"என் மகன் மனசு உறைஞ்சு போச்சு தாயி. இன்னைக்கு அவன் போன் வந்தா எடுக்க மாட்டேன்."

உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து சந்தனமாரி இப்படிச் சொன்னாள். முப்பது வருஷமாக உப்பு வாருகிறவள்.

கேட்டுக்கொண்டிருந்தவள் நீலாம்பிகை. சந்தனமாரியைவிடப் பத்து வயது இளையவள். கடலடிச் சேற்றை ஆராய்ந்துகொண்டிருந்தவள், ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, அளத்தோரம் குடிசை போட்டு சாமி நினைப்பாகவே இருக்கிறாள். சந்தனமாரிக்கு அவள்தான் குரு.

"என்ன பேசுறான்?"

"நார்வேக்குப் போயி எட்டு வருஷம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவான். சாப்பிட்டியாம்மான்னு கேப்பான். சாப்பிட்டேம்பேன். வச்சிருவான்."

"சாப்பிட்டிருப்பீங்களா?"

"அவன் குரலைக் கேக்காம எனக்கு எப்படி இறங்கும்?"

குரு கடல் பக்கம் திரும்பினாள்.

"கடலுக்கு அடியில எப்படி இருக்கும் அக்கா?"

"ஐஸா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

"இப்போ அப்படி. அஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னால பூமியே சூடேறிக் கிடந்துச்சு. வடதுருவத்துப் பக்கம் பனைச்சாதி மரம் வளர்ந்துச்சு. கடலடியும் வெதுவெதுன்னு இருந்துச்சாம். சேத்துல கிடக்குற சிப்பிப் பொடி சொல்லுது."

"அம்புட்டு ஆழத்துக்கு வெயில் போகாதே. சூட்டை யாரு கொண்டுபோனா?"

"நீரோட்டம். அன்னைக்கு அது வேற மாதிரி ஓடிச்சு."

"கதை விடாதீங்க தாயி. சுடுதண்ணி மேலதான் நிக்கும். தினம் வெந்நீர் விளாவுறவளுக்கு இது தெரியாதா?"

குரு பக்கத்துப் பாத்தியைக் காட்டினாள். நாலு நாளைக்கு முன் பெய்த மழை அதில் தேங்கியிருந்தது.

"காலை வைங்க."

வைத்தாள். கணுக்காலில் சில்லென்று மழைத்தண்ணீர். பாதம் அடியைத் தொட்டது. சுட்டது.

"இது உப்பு வாருற எங்களுக்குத் தெரிஞ்சதுதானே. உப்பு ஏறுன தண்ணி கனம். சூட்டை வச்சுக்கிட்டு அடியிலேயே கிடக்கும். மேல தொட்டுப் பாத்தா..."

சொல்லிக்கொண்டே வந்த சந்தனமாரி நிறுத்திவிட்டாள்.

வரப்பில் போன் அடித்தது. குரு அதைத் தொடவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

பாத்தியிலிருந்து காலை எடுக்காமலே சந்தனமாரி போனை எட்டி எடுத்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்லய்யா," என்றாள். "நீ பேசுறதுக்கு முன்னால எந்த ஞாயித்துக்கிழமையும் நான் சாப்பிட்டதில்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

ஆனால் அவன் வைக்கவில்லை.