அத்தி தன் பூவை உள்ளே வைத்த கதை

அந்தக் காலத்தில் மரமும் பூச்சியும் காற்றும் மனிதரோடு மனிதராகப் பேசிக்கொண்டிருந்தன. அத்தி மரமும் மற்ற மரங்களைப்போல வெளியே தெரியத்தான் பூத்தது. கொம்பு நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

வெயில் காய்கிற ஒரு கரிசல் ஊரில் காராயி என்று ஒருத்தி இருந்தாள். வீட்டுக் கொல்லையில் ஓர் அத்திக் கொம்பை ஊன்றி, அரிசி கழுவின தண்ணீரையும் பாத்திரம் விளக்கின தண்ணீரையும் விட்டே அதை ஆளாக்கினாள். நாலு வருஷமாக மரம் பூத்தது. நாலு வருஷமும் வைகாசிக் காற்று வந்து கொம்பைப் பிடித்து உலுக்கி, ஒரு பூ விடாமல் உதிர்த்துவிட்டுப் போனது. அந்த ஊரில் எந்த மரத்தையும் அது காய்க்க விட்டதில்லை. அதில் அதற்கு அத்தனை கர்வம்.

காராயியின் புருஷன் வீரணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். காய்க்காத மண்ணில் எத்தனை நாள் இருப்பது, வருகிற ஆடிக்குள் ஒரு பழம் கண்ணில் படாவிட்டால் அக்காள் ஊருக்கே போய்விடுவோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டான். ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள்.

தை மாதம் ஒரு காலையில் காராயி மரத்தடியில் நின்று, நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டாள். மரம் சொன்னது:

"குறை உன்னிடம் இல்லை, தாயே. என் கொம்பைப் பிடித்துத்தான் காற்று என்னை உலுக்குகிறது. கொம்பை வெட்டிவிடு."

பிள்ளைபோல வளர்த்த மரம். அவளுக்குக் கை வரவில்லை. ஆனாலும் அரிவாளை எடுத்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் வெள்ளைப் பால் வழிந்து அவள் முழங்கை வரை ஒட்டியது. மாலைக்குள் இடுப்புயர அடிமரம் மட்டும் நின்றது. வீரணன் அதைப் பார்த்துவிட்டு, இவளும் மனம் விட்டுவிட்டாள் என்று நினைத்து, மூட்டை கட்டக் கயிறு தேடினான்.

பங்குனியில் அடிமரத்திலிருந்து குட்டையாகக் கிளைகள் கிளம்பின. மரப்பட்டையிலேயே பச்சைக் குமிழ்கள் வரிசையாக முளைத்தன. பூவையெல்லாம் உள்பக்கமாகத் திருப்பி மூடிவிட்டேன், இனிக் காற்றின் கை எட்டாது என்றது மரம். ஆனால் மூடின பூவுக்குள் யார் போய் மகரந்தம் சேர்ப்பது? குமிழின் நுனியில் கடுகு நுழையாத ஒரு வாசல்தான் இருந்தது.

அத்திப் பூவை நம்பியே வாழ்ந்த ஒரு சின்னக் குளவி உண்டு. எள்ளைவிடச் சிறியது. பூ உதிரும்போதெல்லாம் அதில் இட்ட முட்டையும் உதிர்ந்து, நாலு வருஷமாகப் பிள்ளையில்லாமல் தவித்தது. அது வந்து வாசலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நுழைந்தால் சிறகு பிய்ந்துவிடும், திரும்பி வரமுடியாது என்று காராயிக்குப் புரிந்தது. உள்ளே போ என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

குளவியே சொன்னது: "இந்தச் சிறகு இருந்து என் பிள்ளைகளில் ஒன்றையாவது காப்பாற்றியதா? அது கிடக்கட்டும் வெளியே."

தலையைக் கொடுத்து முட்டி நுழைந்தது. வாசலில் இரண்டு சிறகுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. காராயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பின்னால் வந்த குளவிகளும் ஒவ்வொரு வாசலாக நுழைந்தன.

வைகாசி பிறந்தது. காற்று மூன்று நாள் அடித்தது. கூரை ஓடு பறந்தது, வேலி சாய்ந்தது. உலுக்க நீளக் கொம்பும் இல்லை, உதிர்க்க வெளியே பூவும் இல்லை. அடிமரத்தை முட்டி முட்டிப் பார்த்துக் களைத்துப்போய், நாலாம் நாள் காற்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊரை விட்டு ஒதுங்கிப் போனது.

ஆனியில் மரம் அடியிலிருந்து சிவந்தது. காய்களுக்குள்ளிருந்து இளங்குளவிகள் புத்தம் புதிய சிறகுகளோடு கூட்டம் கூட்டமாகப் பறந்து வந்தன. முதல் பழத்தைப் பிட்டு வாயில் போட்ட வீரணன் கட்டின மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ஊரே கொல்லையில் கூடித் தின்றது. அணிலும் மைனாவும் தின்றன. போனவர்கள் கேள்விப்பட்டு வண்டி கட்டித் திரும்பி வந்தார்கள். காராயி ஆளுக்கொரு கொம்பு கொடுத்து, தையில் வெட்டப் பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று முதல்தான் அத்தி யார் கண்ணுக்கும் படாமல் காய்க்குள்ளேயே பூக்கிறது. அதன் குளவியும் சிறகை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறது.