பறக்கும் யானை விதி

மருதங்கோட்டை அரசர் வீரமருதருக்கு வேடப்பகடை என்றால் உயிர். ஒருவர் கதை சொல்வார். சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒருவர் வீரன், ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம். கதையில் வேதாளம் எதிரே வந்தால் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்துத்தான் பிழைப்பும் சாவும்.

அந்த ஆட்டத்தின் விதிகளை யாரோ வெளிநாட்டுப் புலவர்கள் திருத்தி எழுத, புதிய பதிப்பு கப்பலேறி வந்து சேர்ந்தது. அன்றோடு ஆட்டம் நின்றது. வாதம் தொடங்கியது.

தலைமைப் புலவர் ஆனந்தவித்யாதரர் புதிய பதிப்புக்குக் கொடி பிடித்தார். பழைய விதிகள் பாமரருக்குத்தான் சரி என்றார். பகடைக்குப் பயந்தவர்களுக்காக எழுதிய பதிப்பு இது என்று தளவாய் செவந்தியப்பர் மீசையை முறுக்கினார். பேச்சு முற்றி, புலவர் மகனுக்கும் தளவாய் மகளுக்கும் நிச்சயமான கல்யாணமே நின்றுபோனது. முறையிட வந்த குடிகள் தினமும் வாசலில் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

அரசருக்கு அலுத்துவிட்டது. விகடம் பேசும் கூத்தப்பன்மேல் புலவருக்குப் பழைய காய்ச்சல் ஒன்று உண்டு. அவனே தீர்ப்புச் சொல்லட்டும் என்று புலவர் அரசர் காதில் ஓதினார். அரசரும் கூத்தப்பனைக் கூப்பிட்டார்.

"எது சிறந்தது என்று நாளை காலை சொல். பழையது என்றும் சொல்லாதே, புதியது என்றும் சொல்லாதே. இரண்டும் நல்லது என்று மழுப்பவும் கூடாது, இரண்டும் மோசம் என்று தப்பவும் கூடாது. தவறினால் அவையில் உனக்கு இடமில்லை."

 படித்தாவது பார்ப்போம் என்று கூத்தப்பன் சுவடி அறைக்குப் போனான். புதிய பதிப்பின் சுவடிக்கட்டைக் கையில் எடுத்ததும் அவன் முகம் தெளிந்துவிட்டது.

மறுநாள் அவை கூடியதும், ஒரே ஒரு சந்தேகம் என்றான். ஏழாம் ஏட்டில் யானை பறக்கலாம் என்ற விதி இருக்கிறதே, அது சரியா?

புலவர் எழுந்தார். அந்த விதிதான் புதிய பதிப்பின் மகுடம், அதன் நயத்தை ரசிக்கத் தனி ஞானம் வேண்டும் என்று நெடுநேரம் பேசினார். தளவாய் விடவில்லை. அந்த யானையைக் கண்டதிலிருந்து தமக்குத் தூக்கமே இல்லை என்றும், ஆட்டத்தைக் கெடுத்ததே அதுதான் என்றும் குமுறினார்.

கூத்தப்பன் சுவடிக்கட்டை அரசர் முன் வைத்தான். கயிற்றின்மேல் அரக்கு முத்திரை உடையாமல் அப்படியே இருந்தது.

 புலவர் தூணைப் பார்த்தார். தளவாய் தம் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அப்படியானால் பறக்கும் யானை?" என்று கேட்டார் அரசர்.

"இருந்தாலும் இருக்கும் அரசே. நானும் படிக்கவில்லை."

"சரி, தீர்ப்பு?"

"மூன்றாவது ஆட்டம்தான் சிறந்தது. இந்த அவையில் இரண்டு மாதமாக நடக்கிறதே, அது. படிக்காதவர் புலவர் வேடம் கட்டலாம். போருக்குப் போகாமலே வீரர் வேடம் கட்டலாம். பகடை வேண்டாம், தோல்வி கிடையாது, சாப்பாடு அரண்மனையில்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நின்ற கல்யாணத்தை அந்த மாதமே நடத்தச் சொல்லி, வாசலில் இருந்த குடிகளை உள்ளே அழைத்தார். கூத்தப்பனுக்குத் தம் கழுத்து முத்துமாலையைப் போட்டு, சுவடிக்கட்டையும் அவனிடமே நீட்டி, படித்துவிட்டு வந்து கருத்துச் சொல் என்றார்.

கூத்தப்பன் மாலையை மட்டும் வாங்கிக்கொண்டு பின்வாங்கினான்.

"சுவடி வேண்டாம் அரசே. படித்தவன் என்று தெரிந்தால், இந்த அவையில் என் கருத்தை யார் கேட்பார்கள்?"