கைக்குள் அடங்காத திரை

சிங்காரவேல் முதலாளி வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைக் காணோம். மத்தியானத்துக்குள் அது வராவிட்டால் போலீஸ்தான் என்று வேலைக்காரி தங்கபுஷ்பத்திடம் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை இருந்தது.

காபியைக் கொண்டுவந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முதலாளி புது ஆண்ட்ராய்டு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த மனைவியிடம் அளந்துகொண்டிருந்தார்.

"விலை கம்மி, திரை எவ்வளவு பெரிசு பாரு! எழுத்தையும் பெரிசாக்கிட்டேன், இனிமே கண்ணாடியே வேண்டாம்."

டிங் என்று ஒரு செய்தி வந்தது. பேச்சு மும்முரத்தில் அவர் அதைப் பார்க்கவில்லை. தங்கபுஷ்பம் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

அவர் திரும்பினார். "என்னடி பார்க்கிறே? மூணாவது படிச்ச மேதாவி, போன் எப்படின்னு நீதான் சொல்லேன்!"

தங்கபுஷ்பம் காபியை நீட்டினாள். "நல்ல போன் முதலாளி. இங்கருந்தே என்னால வாசிக்க முடியுது."

"என்ன வாசிச்சே?" என்றாள் முதலாளியம்மா.

"நான் சொன்னா பொய்யும்பீங்கம்மா. உங்க பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்க."

திரையைப் பார்த்த முதலாளி சட்டென்று கையை விரித்து மூடினார். கை போதவில்லை. விரலுக்கு வெளியே தெரிந்ததை அம்மா சத்தமாக வாசித்தாள்.

"சீட்டாட்டத்தில் நீங்க தோத்த குத்துவிளக்கு வந்து சேர்ந்தது அண்ணாச்சி."